பெரியோர் இல்லாத ஊர்: ஆங் லீயின் ‘ஐஸ் ஸ்டார்ம்’

பெற்றோரின் ஒழுக்கக் கேட்டால் பிள்ளைகள் நிலைகுலைந்த கதை என்று ‘ஐஸ் ஸ்டார்ம்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றிக் கூறுவோர் பலர். அப்படத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், ஒரு விருந்துக் காட்சியே முதலில் நினைவூட்டப்படுகிறது. கணவன்மார் தத்தம் மோட்டார் வண்டியின் சாவியை ஒரு கிண்ணத்தில் இடுகின்றனர். மனைவிமார் ஒவ்வொருவராக வந்து ஒரு சாவியை எடுத்து, அதற்குரியவனோடு அவ்விரவு புறப்பட்டுச் செல்கின்றனர். அக்காட்சி படத்தில் உண்டு. ஆனால் அதுவே படத்தின் பொருள் எனக் கொள்வது, கம்பராமாயணத்தை மந்தரையின் கதை என்று சொல்வதை ஒக்கும்.

ரிக் மூடி என்பார் 1994-இல் வெளியிட்ட நாவலே இப்படத்துக்கு மூலம். படம் 1997-இல் வெளிவந்தது. திரைக்கதை எழுதியவர் ஜேம்ஸ் ஷாமஸ். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. அவரும் டெட் ஹோப் என்பாரும் நியூயார்க்கில் நடத்திவந்த ‘குட் மெஷின்’ என்னும் சிறு நிறுவனம் படத்தைத் தயாரித்தது. வெளியிட்டதோ ‘ஃபாக்ஸ் சர்ச்லைட்’, அதாவது ஹாலிவுட்டின் பெரிய கம்பெனி ஒன்றின் கிளை. ஆகவே ‘சுயேச்சைப் படம்’ என்ற பெயர் இதற்கு முக்கால் பங்குதான் பொருந்தும். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவாயிற்று. அமெரிக்கக் கொட்டகைகளில் வசூலானது 80 லட்சம் டாலர் அளவே. நட்டக் கணக்கில் எழுதப்பட்ட இப்படத்தை ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் பலர் தேடிப் பார்க்கலாயினர்.

கதை நிகழும் ஊர் கனெக்டிகட் மாநிலத்து நியூ கேனன். நியூயார்க் மாநகரில் உத்தியோகம் பார்ப்போர் மின்சார இரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பும் செல்வப் புறநகர் அது. இங்குள்ள தாமான்களின் வரிசை வீடுகளை மனத்திற் கொண்டால் அவ்வூர் விளங்காது. ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மரக்காடு, காட்டினூடே நடைபாதை. 1940-களின் இறுதி முதல் புதுமைக் கட்டடக் கலைஞர் பலர் அங்கே குடியேறி வீடுகள் எழுப்பினர். நாற்புறமும் கண்ணாடியாலான ஃபிலிப் ஜான்சனின் புகழ்பெற்ற வீடு 1949-இல் அவ்வூரில்தான் கட்டப்பட்டது. படத்தில் வரும் இரு குடும்பங்களுள் ஒன்று அத்தகைய கண்ணாடிச் சுவர் வீட்டிலேயே வாழ்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். உள்ளேயிருக்கும் ஒருவருக்கு மற்றவர் நடப்பு தெரியாது.

காலம் 1973 நவம்பர்; அமெரிக்கர் நன்றி நவிலும் பெருநாளையொட்டிய சில நாட்கள். அமெரிக்கப் படை வியட்நாமிலிருந்து அவ்வாண்டு மார்ச்சில்தான் திரும்பியிருந்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய நிக்ஸன், ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் எவ்வாறு அழிந்தது என்பதற்கு விடையின்றி விழித்துக்கொண்டிருந்தார். நாட்டின் தலைமகனே பொய்யன் என்பதை, பதினான்கு வயதுச் சிறுமி வெண்டி ஹூட் தொலைக்காட்சியில் விடாது பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிக்ஸனின் முகமூடி ஒன்றும் அவளிடம் உண்டு. இதனை அரசியல் நையாண்டி என்று மட்டும் தள்ளிவிடுதல் ஆகாது. வீட்டில் கேட்க முடியாத கேள்வியை அவள் நாட்டின் மேல் வைத்துக் கேட்கிறாள்.

ஹூட் குடும்பத்தில் தந்தை பென், தாய் எலெனா, விடுதிப் பள்ளியில் பயிலும் பதினாறு வயது மகன் பால், அவன் தங்கை வெண்டி. அடுத்த வீட்டுக் கார்வர் குடும்பத்தில் ஜிம், அவர் மனைவி ஜேனி, மைக்கி, சாண்டி என்னும் இரு பையன்கள். பென்னுக்கும் ஜேனிக்கும் கள்ள உறவு. அதில் ஜேனிக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. பென்னுக்கு அது தெரியவில்லை. வெண்டியோ அவ்வீட்டுப் பையன்கள் இருவரோடும் பழகுகிறாள். கதைச் சுருக்கம் இவ்வளவே.

சொல்லப்படும் முறை கருதற்பாலது. ஒரு பிற்பகல் ஜேனி ஒரு சொல்லும் சொல்லாமல் பென்னை விட்டுவிட்டு வெளியே போய்விடுகிறாள். அந்நிய வீட்டில் தனித்து அலையும் பென், நிலவறையில் தம் மகளையும் மைக்கியையும் கண்டு கோபாவேசத்தோடு அதட்டுகிறார். தாம் அங்கே வந்த காரணம் யாது என்று எவரேனும் திருப்பிக் கேட்டால் என் செய்வது என்னும் அச்சம் அவ்வதட்டலின் அடியிலேயே ஒலிக்கிறது. கெவின் க்ளைன் இதனை நடித்திருக்கும் நேர்த்தி சொல்லி முடியாது. குரல் உயரும், கண் தாழும். பிறகு தந்தையும் மகளும் காட்டுப் பாதையில் வீடு திரும்புகின்றனர். குளிரில் வெண்டியின் கால் விறைக்கிறது. பென் அவளைக் குழந்தையைப்போல் தூக்கிச் செல்கிறார். கண்டிக்கும் தகுதியை இழந்த தந்தைக்குத் தூக்கிச் சுமக்கும் தகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘ஒழுக்கக் கேடு’ என்ற ஒரே அளவுகோலை வைத்துப் படத்தை அளப்போர் இவ்விடத்தில் தடுமாறவே செய்வர்.

மற்றொரு சிறு காட்சி. வெளியூர் சென்றிருந்த ஜிம் கார்வர் வீடு திரும்பி, தாம் வந்துவிட்டதை மகன்களுக்கு மகிழ்வோடு அறிவிக்கிறார். அவர் ஊரில் இல்லை என்பதே மைக்கிக்குத் தெரிந்திருக்கவில்லை. கொட்டகையில் சிரிப்பு எழும் இடம் இது. எழுந்த சிரிப்பு தொடராத இடமும் இதுவே. ஜிம் கெட்டவர் அல்லர். படத்தில் வரும் பெரியவர்களுள் மிகவும் நல்லவர் அவரே எனலாம். ஆயினும் அவர் வீட்டில் இல்லாததும் இருப்பதும் ஒன்றாயிருக்கின்றன.

தாய்மார் நிலை யாது? மகள் மிதிவண்டியில் காற்றாய்ப் பறப்பதைக் காணும் எலெனா, தன் இளமையை எண்ணி ஏங்குகிறாள். பின்னொரு நாள் தானும் ஒரு மிதிவண்டியில் ஏறிச் சுற்றுகிறாள். அங்ஙனம் சுற்றியவள் மருந்துக்கடையில் உதட்டுச் சாயம் திருடிப் பிடிபடுகிறாள். அதே கடையில் மகளும் முன்னர்த் திருடியவள்தான். மகள் வயதுக்குத் தாய் இறங்குகிறாள். மகள் ஏறிச் செல்லவேண்டிய படியில் ஆளில்லை. படம் முழுதும் இவ்வாறே. பெரியவர்கள் சிறுவர்களின் ஆட்டத்தை ஆடுகின்றனர். சிறுவர்கள் பெரியவர்களின் சலிப்பைப் பழகுகின்றனர். அவ்வூரில் தீயோர் மிகுதி என்பது படத்தின் குற்றச்சாட்டு அன்று. பெரியோர் எவரும் அங்கில்லை என்பதே குற்றச்சாட்டு. ஊர்ப் போதகர்கூட நீள்மயிரும் இனிய பேச்சுமாய் எலெனாவின் பின்னே சுற்றி, சாவி விருந்துக்கும் வந்து எட்டிப்பார்த்துப் போகிறார்.

நன்றி நவிலல் நாளில் உணவு மேசையில் ஜெபம் சொல்லும்படி வெண்டியைத் தந்தை கேட்கிறார். வெள்ளையர் செவ்விந்தியரைக் கொன்று நிலத்தைப் பறிக்க அருளியதற்கும், ஆசியப் பிள்ளைகள் மேல் நெருப்புக் குண்டு விழும் வேளையில் தாம் வயிறு புடைக்க உண்பதற்கும் நன்றி என்று அவள் தொடங்க, பென் எரிச்சலோடு தடுத்து நிறுத்துகிறார். சிறுமி சொன்னது துடுக்குத்தான், ஆனால் பொய்யன்று. அதற்கு விடையாக ஒரு சொல் சொல்ல மேசையில் எவருக்கும் இயலவில்லை.

படத்தின் உட்பொருளைத் திறக்கும் சாவி கிண்ணத்துச் சாவிகளுள் இல்லை. ஜேனி வெண்டிக்குச் சொல்லும் ஓர் அறிவுரையில் இருக்கிறது. தன் இளைய மகனோடு வெண்டி தனித்திருந்ததைக் கண்ட ஜேனி, கண்டிக்க வாய் திறக்கிறாள். உடம்பு கோயில் போன்றது என்று ஆரம்பிக்கிறாள். தொடரத் தெரியாமல், சமோவாத் தீவில் பருவமெய்தும் பிள்ளைகளை ஆயுதமின்றிக் காட்டுக்கு அனுப்புவர் என்றும், நாலு விஷயம் கற்ற பின்னரே அவர்கள் திரும்புவர் என்றும் ஏதோ உளறுகிறாள். இஃது எங்கிருந்து வந்தது என்பது அக்காலத்து அமெரிக்கப் படிப்பாளி வீடுகளை அறிந்தோர்க்குப் புலப்படும். மார்கரெட் மீட் என்னும் மானிடவியல் அறிஞர், சமோவாவில் பெண்கள் பருவமெய்துதல் பற்றி 1928-இல் வெளியிட்ட நூல் அவ்வீடுகளில் அலமாரிப் பொருள். படித்தவர் சிலர், படித்ததாகப் பேசியவர் பலர். சமோவாச் சிறுமியரின் குமரப்பருவம் அமெரிக்கச் சிறுமியரினதைப்போல் கொந்தளிப்பானதன்று என்பதே அந்நூலின் வாதம். அதனையும் டெரெக் ஃப்ரீமன் என்பார் 1983-இல் கடுமையாக மறுத்தெழுதினார். ஜேனியின் காட்டுக் கதைக்கும் அதற்கும் தொடர்பு காண்பது அரிது. அரைகுறையாய்க் கேட்டதைச் சிகோர்னி வீவரின் களைத்த குரலில் அவள் ஒப்புவிக்கையில் சிரிப்பே வருகிறது. ஆனால் படம் முடியுமுன் ஜேனியின் சொந்த மகன் ஆயுதமின்றி, தனியனாய், இரவில் காட்டு வழியே போகிறான்; திரும்பவில்லை. பருவச் சடங்கு எந்நாட்டதாயினும், அனுப்புவோரும் எல்லையில் நின்று எதிர்கொள்வோரும் அதற்கு வேண்டும். நியூ கேனனில் சடங்கின் காடு மட்டும் இருக்கிறது.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்த இயக்குநர் அமெரிக்கர் அல்லர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆங் லீ 1954-இல் தைவானில் பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மகன். கதை நிகழும் 1973-இல் அவர் தைவானில் மாணவர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனது அப்பத்தாண்டின் இறுதியில். ஆயினும் அவர் அதற்குமுன் எடுத்த படங்களை நோக்கின் வியப்புத் தீரும். 1991-இல் வந்த ‘புஷிங் ஹேண்ட்ஸ்’ நியூயார்க்கை அடுத்த புறநகர் வீடு ஒன்றில்தான் நிகழ்கிறது. சீனத்திலிருந்து வந்த முதியவரும் அவருடைய அமெரிக்க மருமகளும் ஒரே கூரையின்கீழ் நெடுநேரம் ஒரு சொல்லும் பேசாது வாழ்வதோடு அப்படம் தொடங்கும். 1994-இல் வந்த ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ படத்தில் தைப்பே நகரச் சமையற் கலைஞர் சூ, தம் மூன்று பெண்மக்களுக்கு ஞாயிறுதோறும் பெருவிருந்து சமைக்கிறார். நாவின் சுவை இழந்தவர் அவர், பேசவும் தெரியாதவர். எனினும் மேசை ஒன்று இருக்கிறது. தந்தையென்று ஒருவர் அதன் தலைமாட்டில் இருக்கிறார். பெண்கள் எதிர்த்துச் செல்வதற்கும் திரும்பி வருவதற்கும் அஃது ஓர் இடமாகிறது. ஹூட் வீட்டு மேசையை அதனருகில் வைத்து நோக்குக. பதார்த்தம் குறைவில்லை, தலைமாடுதான் இல்லை. தந்தையின் அதிகாரம் பிள்ளைகளை நசுக்கும் துயரத்தை மூன்று சீனப் படங்களில் காட்டிய லீ, அவ்வதிகாரம் ஆவியாய்ப் போன ஊரின் துயரத்தை நான்காவதாகக் காட்டினார் எனக் கொள்ளல் தகும். நடுவே வந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யும் தந்தை இறந்த வீட்டிலேயே தொடங்குவது நினைக்கத்தக்கது.

நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடும் இவ்விடத்திற் புலனாகிறது. மூடியின் எழுத்தில் ஏளனம் மிகுதி. அக்காலத்தின் உடை, பொருள், பேச்சு அனைத்தையும் பட்டியலிட்டு எள்ளுவார். அவருடைய பென் அருவருக்கத்தக்கவர். லீ எள்ளுதலைக் குறைத்துக்கொண்டார்; பென்னை நகைக்கத்தக்கவராக்கி, பின் இரங்கத்தக்கவராக்கினார். உடையும் தட்டுமுட்டுச் சாமான்களும் அக்காலத்தவையே எனினும், ஃபிரெடரிக் எல்ம்ஸின் ஒளிப்பதிவு அவற்றைச் சுட்டிச் சிரிப்பதில்லை. சாம்பல் ஒளியில் ஒதுக்கி வைக்கிறது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தமிழிலக்கணம் வகுக்கும். இப்படத்தின் முதற்பொருள் புயல். வெப்ப நாட்டார்க்கு அதனைச் சற்று விளக்கவேண்டும். இது பஞ்சு போல் விழும் பனி அன்று, ஆலங்கட்டியும் அன்று. மழை நீராகவே வீழ்ந்து, தரையோ கிளையோ கம்பியோ பட்ட மாத்திரத்தில் உறைந்து கண்ணாடி உறையாகிறது. உறை தடிக்கத் தடிக்கப் பாரம் தாங்காது கிளைகள் முறிகின்றன, மின்கம்பிகள் அறுகின்றன, இரயில்கள் நின்றுபோகின்றன. 1973 டிசம்பர் நடுவில் கனெக்டிகட்டில் அத்தகைய புயல் மெய்யாகவே அடித்தது. கதை அதனைச் சில வாரம் முன்தள்ளிப் பெருநாளோடு சேர்த்துக்கொள்கிறது.

இப்புயலுக்கு இசையமைத்த மைக்கேல் டானா, மேனாட்டு வயலின் கூட்டத்தை நம்பவில்லை. ஜாவா, பாலித் தீவுகளின் கமெலான் ஒலியையும் செவ்விந்தியக் குழலையும் சேர்த்தார். தெரங்கானு அரண்மனையில் வளர்ந்த இசையைக் கேட்டறிந்த மலேசிய வாசகர், கனெக்டிகட்டின் உறைந்த காட்டில் அவ்வெண்கல ஒலி எழக் கேட்டுத் திடுக்கிடுவர். கிளைமேல் தொங்கும் பனிக்கட்டி ஒன்றோடொன்று மோதும் ஓசையும் அதுவும் ஒன்றாகிவிடுகின்றன. குழலின் பொருத்தம் வேறு வகையானது. வெண்டி உணவு மேசையில் சொன்னாளே, நிலம் பறிக்கப்பட்டோர் என்று. அவர்களுடைய மூச்சு படம் முழுதும் அக்காட்டில் உலவுகிறது.

மைக்கி கார்வருக்கு வருவோம். இலைஜா உட் நடித்த இச்சிறுவன் எப்போதும் பாதி உறக்கத்தில் இருப்பவன் போன்றவன். வகுப்பில் அவன் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறான். ஒரு நாற்றம் மூக்கை எட்டினால், அப்பொருளின் மூலக்கூறுகளே உடம்பினுட் புகுகின்றன என்பது அவன் கருத்து. மாணவர்கள் கேலி செய்கின்றனர். பெரியவர்களின் நாற்றம் பிள்ளைகளுட் புகுவதை அறிந்தவன் படத்தில் அவன் ஒருவனே போலும். கடுங்குளிரில் மூலக்கூறுகள் அடங்கிக் காற்றுத் தூயதாகும் என்று நம்பி, அத்தூய காற்றைத் தேடியே அவன் புயலிரவில் வெளியே போகிறான். பெற்றோர் விருந்தில். வறண்ட நீச்சற்குளத்தின் பலகைமேல் குதிக்கிறான். கண்ணாடியாய்ப் போன சாலையில் சறுக்குகிறான். களைத்துச் சாலையோர இரும்புத் தடுப்பில் அமர்கிறான். சற்றுத் தொலைவில் அறுந்த மின்கம்பி அத்தடுப்பின்மேல் வீழ்கிறது.

பெற்றோர் செய்த பாவத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுத்துப் பாடம் புகட்டுகிறது படம் என்பது பலரும் எழுப்பும் தடை. அதற்குப் படத்திலேயே விடை உண்டு. கம்பியை அறுத்தது பனியின் பாரம். சாவிக் கிண்ணம் இல்லையாயினும் அது அறுந்திருக்கும். பெற்றோர் கற்புநெறி வழுவாதவராய் அவ்வீட்டிலேயே உறங்கியிருந்தாலும் மைக்கி வெளியே போயிருக்கலாம். படம் சுமத்தும் குற்றம் அவனைக் கொன்றது என்பதன்று. அவன் வெளியே இருந்ததை எவரும் அறியாதிருந்தது. தந்தை ஊரில் இல்லாததை மகன் அறியாதிருந்தான் அன்றோ! அச்சிரிப்புக் காட்சி இங்கே தலைகீழாய்த் திரும்பி வருகிறது.

ஆனால் அவ்வளவில் படத்தை முழுதும் விடுவித்துவிட முடியாது. வேறொரு குறை உண்டு, அது பெரிது. மைக்கியின் உடலைச் சாலையில் கண்டெடுப்பவர் பென். விருந்தில் குடித்து விழுந்து, அவமானப்பட்டு, விடியலில் வீடு திரும்பும் வழியில் கண்டு, கைகளில் ஏந்தி அவன் வீட்டில் சேர்க்கிறார். முன்பு மகளைச் சுமந்தவர் இப்போது பிறர் மகனைச் சுமக்கிறார். அமைப்பின் அழகு மறுக்கவொண்ணாதது. ஜிம் கதறுகிறார். வெண்டி சிறுவன் சாண்டியை அணைத்துக்கொள்கிறாள். அதன்பின் கதை ஹூட் குடும்பத்தோடு வண்டியேறிப் புறப்பட்டுவிடுகிறது! மகனை இழந்த வீடு பின்தங்குகிறது. விருந்திலிருந்து வந்து, உடையும் மாற்றாமல் படுக்கையில் குறண்டிக் கிடந்த ஜேனியின் படிமம் ஒன்றே மனத்தில் நிற்கிறது. அவளுடைய துயரத்துக்குக் கதையில் இடமில்லை. ஒரு வீட்டின் இழவில் மற்றொரு வீட்டுக்குக் கண் திறக்கிறது. கள்ள உறவில் இருவருக்கும் சமபங்கு. கண்ணீரால் கழுவப்படும் பேறு ஆணுக்கு மட்டும். ஜேனியைப் போன்ற பெண் அவ்வூரில் எதனால் அங்ஙனம் ஆனாள் என்று படம் கேட்டிருந்தால், அதன் இரக்கம் முழுமை பெற்றிருக்கும். நான்கு பெரியவர்களுள் மூவரிடம் நெருங்கிய லீ, நான்காமவளிடம் மட்டும் ஏளனத்தோடு நின்றுவிட்டார். வீவர் தம் நடிப்பால் கொடுத்ததே அப்பாத்திரத்துக்கு மிச்சம். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் துணை நடிகைக்கான பரிசை அவருக்கு அளித்தது பொருத்தமே.

முடிவுக் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே பாதி காட்டப்பட்டது. நியூயார்க்கில் தோழியின் வீட்டிலிருந்து திரும்பும் பால், உறைந்த தண்டவாளத்தில் மின்சாரமின்றி நின்ற இரயிலில் இரவைக் கழிக்கிறான். டோபி மக்வாயர் நடித்த இவன் கையில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் சித்திரக்கதை இதழ். 1973 இறுதியில் வந்த அதன் 141-ஆம் இதழில், குடும்பத் தலைவனான வீரன் உலகைக் காக்கத் தன் மகன்மேலேயே ஆயுதத்தைத் திருப்பவேண்டி வருகிறது. குடும்பம் என்பது தனக்கு எதிரான அணுவைத் தன்னுள்ளே கொண்டது என்று பால் எண்ணிப் பார்க்கிறான். பதினாறு வயதுப் பையனின் தத்துவம். அதற்குமேல் அதனை உயர்த்திப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவ்வெண்ணத்தோடு அவன் இறங்கும்போது, தந்தை, தாய், தங்கை மூவரும் இரயில் மேடையில் நிற்கின்றனர்.

முன்னும் ஒரு முறை பென் மகனை அழைத்துச் செல்ல நிலையத்துக்கு வந்தவர்தான். அப்போது வண்டியோட்டியபடியே, குமரப்பருவத்து ஆண்மகன் காக்கவேண்டிய சுகாதாரம் பற்றி வாய் நிறைய உபதேசித்தார், பையன் நெளிந்தான். இம்முறை வண்டிக்குள் நால்வரும் அமர்ந்தபின் பென் திரும்பி மகனைப் பார்க்கிறார். பேச முயல்கிறார். சொல் வரவில்லை, அழுகை வருகிறது. எலெனா அவர்மேல் கை வைக்கிறாள். நடந்தது இன்னதென்று பாலுக்கு இன்னும் எவரும் சொல்லவில்லை. தந்தை அழுவதைப் பின்னிருக்கையிலிருந்து அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வண்டி இன்னும் கிளம்பவில்லை.